கையடக்க ஜி.பி.எஸ். கருவி: களப்பணிக்குத் தேர்ந்து கொள்ளும் முறை

தமிழ் பயில்வார்க்கு நூலகம் ஒரு கண். களம் மற்றொரு கண். கல்வெட்டும் நடுகல்லும் சமணர் படுக்கையும் முதுமக்கள் தாழியும் ஏட்டில் மட்டும் இருப்பன அல்ல. ஏரிக்கரையிலும் புதர்க்காட்டிலும் குன்றின் சரிவிலும் கிடப்பன. தொல்காப்பியர் நடுகல் பற்றிய துறைகளைக் கூறுமிடத்துக் 'காட்சி' என்பதனை முதற்கண் வைத்தார். ஆங்கு அது நடுதற்குத் தக்க கல்லைக் கண்டறிதலைக் குறிக்கும். இன்று களத்திற்குச் செல்லும் நமக்கோ, முன்னோர் நட்டுப் பின்னோர் மறந்துவிட்ட கல்லை இரண்டாம் முறை கண்டறிதலே பணியாக வாய்த்திருக்கின்றது. அதனினும் அரியது ஒன்று உண்டு. நாம் ஒருமுறை கண்ட கல்லை, நமக்குப் பின் வருவோர் மறுமுறை காணுமாறு செய்தல்.

பழைய களக்குறிப்பேடுகளைப் புரட்டியோர் இதன் அருமையை அறிவர். 'ஊருக்கு வடக்கே இரண்டு பர்லாங் தொலைவில், ஏரிக்கரைப் புளியமரத்தடியில்' என்று எழுதப்பட்டிருக்கும். எழுதியவருக்கு அது போதுமானதாகவே இருந்தது. அத்தகைய குறிப்பொன்றைக் கையிற்கொண்டு நம் துறை மாணவர் ஒரு சிற்றூருக்குச் சென்றபொழுது, சாலையை அகலப்படுத்தியதில் புளியமரம் போயிருந்தது, ஏரிக்கரையும் உயர்த்தப்பட்டிருந்தது. கல் புதருக்குள் மறைந்திருக்கின்றதா, கரைமண்ணுக்குள் புதைந்துவிட்டதா, சாலைக்குச் சரளையாக உடைபட்டதா என்று சொல்வார் எவருமில்லை. மரத்தின் பெயருக்குப் பதிலாக இரண்டே இரண்டு எண்கள் அக்குறிப்பில் இருந்திருக்குமாயின், கல் இருக்கின்றதா இல்லையா என்பதையேனும் ஒரு முற்பகலில் உறுதி செய்திருக்கலாம்.

அவ்விரண்டு எண்களைத் தருவதே ஜி.பி.எஸ். கருவி. 'புவியிடங்காட்டி' என்ற நல்ல தமிழ்ப்பெயர் வழக்குக்கு வந்துகொண்டிருக்கின்றது. எனினும் கடைக்காரரிடம் சென்று கேட்குமிடத்து 'ஜி.பி.எஸ்.' என்றால்தான் பொருள் கைக்கு வரும் என்பதால், இக்கட்டுரையில் அப்பெயரையே ஆளுகின்றோம். துறைக்கு ஒன்று வாங்குதல் வேண்டும், ஆனால் மிகு விலை கொடுக்க இயலாது என்னும் நிலையில் உள்ளோர்க்கும், மலையும் காடும் சுற்றும் விருப்புடைய மாணவர்க்கும் பயன்படுமாறு சில செய்திகளை ஈண்டுத் தொகுத்துரைக்கின்றோம்.

கருவி செயற்படும் விதம்

அமெரிக்க நாட்டின் பாதுகாப்புத் துறையினர் 1978இல் முதற் செயற்கைக்கோளை ஏவித் தொடங்கிய இவ்வமைப்பு 1995இல் முழுமை பெற்றது. பூமியினின்று ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஆறு தளங்களில் முப்பதுக்கு மேற்பட்ட கோள்கள் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றும் 'யான் இன்ன இடத்தில் உள்ளேன். என் கடிகாரத்தில் இப்பொழுது இன்ன நேரம்' என்று இடையறாது அறிவித்துக்கொண்டே செல்கின்றது. நம் கையிலுள்ள கருவி அவ்வறிவிப்பைக் கேட்கின்றது. கேட்பதன்றி வேறொன்றும் செய்வதில்லை. அறிவிப்பு புறப்பட்ட நேரத்திற்கும் வந்துசேர்ந்த நேரத்திற்கும் உள்ள வேறுபாட்டை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். நான்கு கோள்களின் தொலைவு தெரிந்தால் நாம் நிற்குமிடம் தெரியும். மூன்று போதாதோ எனின், கருவியின் மலிவான கடிகாரம் செய்யும் பிழையை நீக்க நான்காவது வேண்டும்.

கடிகாரமே இவ்வமைப்பின் உயிர்நிலை. ஒரு விநாடியைப் பத்து இலட்சமாகப் பகுத்தால் வரும் ஒரு பங்கில் ஒளி 300 மீட்டர் சென்றுவிடும். விண்ணிலுள்ள அணுக்கடிகாரங்கள், ஐன்ஸ்டீன் வகுத்த சார்பியல் விதியின்படி, தரையிலுள்ளவற்றைவிட நாளொன்றுக்கு அத்தகைய பங்கு 38 அளவு முந்தி ஓடுகின்றன. இதனை முன்கூட்டியே திருத்தாது விட்டிருப்பின் நாள்தோறும் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் பிழை சேர்ந்துகொண்டே போகும்.

கடலோடிய நம் முன்னோர்க்கு இச்சிக்கல் புதியதன்று. அரபு மாலுமிகள் 'கமால்' என்னும் சிறு பலகையையும் அதனிற் கோத்த முடிச்சுக் கயிற்றையும் கொண்டு துருவமீனின் உயரத்தை அளந்தனர். சோழமண்டலக் கரையின் தமிழ் மாலுமிகளிடம் அவ்வகைப் பலகை 'இராப்பலகை' என வழங்கியது. விண்மீனின் உயரம் வடக்கு தெற்கினைத் தெரிவிக்கும். கிழக்கு மேற்கினைத் தெரிவிக்காது. அதற்கு நேரம் தவறாத கடிகாரம் வேண்டியிருந்தது. பலகை தராத இரண்டாவது எண்ணைக் கடிகாரம் தந்தது என்று இவ்வரலாற்றைச் சுருக்கிச் சொல்லலாம். இன்றும் நம் கரையோர மீனவர், கரையிலுள்ள மலைமுடி ஒன்றையும் கோபுரம் ஒன்றையும் நேர்கோட்டில் வரப்பார்த்துக் கடலடிப் 'பார்' இருக்குமிடத்தை அறியும் கலையை முற்றும் மறந்தாரில்லை. ஆயினும் கையடக்க ஜி.பி.எஸ். கருவியைக் கல்லூரிகள் கண்டுகொள்ளுமுன்பே அவர்கள் வள்ளங்களில் ஏற்றிவிட்டனர். இக்கருவியை இயக்கக் கற்கவேண்டின், முதலில் மீன்பிடித் துறைமுகத்துக்குச் செல்க என்று மாணவர்க்குக் கூறுவோம்.

தொடக்கத்தில் பொதுமக்களுக்கான அறிவிப்பில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதனால் நூறு மீட்டர் வரை இடம் பிசகும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அக்கலப்பு நிறுத்தப்பட்டது. இப்பொழுது திறந்த வானத்தின்கீழ் ஐந்து மீட்டருக்குள் இடம் தெரிகின்றது. ஒரு நடுகல்லைத் தேடிக் காண இது தாராளம். நிலத்தின் எல்லைக்கல்லை நடுதற்கு இது போதாது. இவ்வேறுபாட்டை அறியாது, பக்கத்துத் தோட்டக்காரரோடு வழக்காட இக்கருவியை எடுத்துச் செல்வோரும் உளர்.

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்க அமைப்பின் பெயரே. உருசியாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்தோ ஆகியனவும் வானில் உள்ளன. நம் நாட்டு இசுரோவின் நாவிக் அமைப்புக்கான முதற்கோள் 2013 சூலை 1 அன்று ஏவப்பட்டது. பல அமைப்புகளைக் கேட்கவல்ல கருவிக்கு எந்நேரமும் கூடுதலான கோள்கள் தென்படும். மரச்செறிவிலும் பள்ளத்தாக்கிலும் வானம் ஒரு கீற்றாகவே தெரியுமிடத்து இது பெரும் பயன். எனவே வாங்கும்பொழுது பார்க்கவேண்டிய முதற்பண்பு இதுவே. இரண்டேனும் இருத்தல் வேண்டும், நான்கிருப்பின் நன்று. நாவிக் கைப்பேசிகள் பலவற்றில் இடம்பெற்றுவிட்டது. மலிவான கையடக்கக் கருவிகளில் அதனை எதிர்பார்த்துக் காத்திருத்தல் வேண்டா.

கைப்பேசி போதாதா?

இவ்வினாவை மாணவர் எழுப்புவர். துறையின் செலவுக் கணக்கைப் பார்க்கும் பெரியோரும் எழுப்புவர். நேர்மையாக விடை கூறுவதாயின், பெரும்பாலோர்க்குக் கைப்பேசியே போதும். கைப்பேசிக்குள்ளும் அதே வகை வாங்கி இருக்கின்றது. செல்பேசிக் கோபுரம் இல்லாத இடத்தில் கைப்பேசியின் ஜி.பி.எஸ். இயங்காது என்று பலரும் எண்ணுகின்றனர், அது சரியன்று. இயங்காமற் போவது நிலப்படமே. படத்தை ஊரிலேயே இறக்கி வைத்துக்கொண்டால், கோபுரமே இல்லாத மலையிலும் நாம் நிற்குமிடம் புள்ளியாகத் தெரியும். கட்டணமின்றிக் கிடைக்கும் செயலிகளே இதனைச் செய்கின்றன. ஒரு நாட்பணிக்குச் செல்லும் மாணவன், படத்தை முன்னரே இறக்கிய கைப்பேசியையும் ஒரு பவர் பேங்க்கையும் கொண்டு சென்றால், தனிக்கருவி வாங்க வேண்டியதில்லை.

எங்கே கைப்பேசி தோற்கின்றது? சித்திரை வெயிலில் கண்ணாடித்திரை கண்ணுக்குப் புலப்படாது. சூடேறினால் தானே அணைந்துவிடும். மழைத்துளி விழுந்த திரை விரலின் தொடுகையை அறியாது. கோபுரத்தைத் தேடித் தேடி மின்கலம் நண்பகலுக்குள் தீரும். இவையெல்லாவற்றையும்விட முதன்மையானது ஒன்றுண்டு. மலையில் ஒருவன் கால் பிசகி விழுந்தால் 112க்கு அழைப்பதற்குரிய பொருளும் அக்கைப்பேசியே. படம் எடுப்பதும், குறிப்பெழுதுவதும், வழி பார்ப்பதும், விளக்குக் காட்டுவதும் ஆகிய எல்லாப் பணிகளையும் அதன்மேல் ஏற்றி, அழைக்க வேண்டிய நேரத்தில் உயிரற்ற பலகையாக அதனைக் கையில் வைத்திருத்தல் அறிவுடைமையாகாது. தனிக்கருவிக்கு நாம் வாதாடுவது பெரிதும் இக்காரணம் பற்றியே. இரண்டு நாள்களுக்கு மேல் தங்கும் களப்பணிக்கும், ஒரே கருவியைப் பல மாணவர் மாறி மாறி ஏந்தும் துறைப்பணிக்கும், கைதவறிப் பாறையில் விழுந்தாலும் பிழைக்கும் ஒரு கருவி வேண்டும்.

விலையும் வகையும்

1989இல் மெகெல்லன் நிறுவனம் பொதுமக்களுக்கென முதன்முதல் விற்ற கையடக்கக் கருவியின் விலை ஏறக்குறைய 3,000 டாலர். இன்று அதன் இருபதில் ஒரு பங்குக்கு, அதனினும் பலமடங்கு சிறந்தது கிடைக்கின்றது. மலிவு விலைப் பிரிவில் நெடுங்காலமாக நிலைபெற்றிருப்பது கார்மின் நிறுவனத்தாரின் 'ஈட்ரெக்ஸ்' வரிசை. 2000இல் தொடங்கிய இவ்வரிசையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவது எளிது. அந்நிறுவனத்துக்காகப் பரிந்துரைப்பதன்று நம் நோக்கம். வேறு எதனை வாங்கினும் இவ்வளவுகோல்களே பொருந்தும்.

2019இல் வந்த 'ஈட்ரெக்ஸ் 22 எக்ஸ்' 200 டாலர் அளவிலும், '32 எக்ஸ்' 300 டாலர் அளவிலும் அறிமுகமாயின. இரண்டிலும் வண்ணத்திரை, நிலப்படம், கூடுதல் படங்களுக்கு நினைவட்டை செருகும் இடம் ஆகியன உண்டு. இடையே நூறு டாலர் வேறுபாடு எதற்கு? 32 எக்ஸ் கருவியில் மின்னணுத் திசைகாட்டியும், காற்றழுத்தத்தால் உயரம் அறியும் உறுப்பும் கூடுதலாக உள. திசைகாட்டி இல்லாத கருவி, நாம் நடக்கும்பொழுது மட்டுமே எத்திசையில் செல்கின்றோம் என்பதை அறியும். நின்றால் அதற்குத் திசை தெரியாது. ஐம்பது ரூபாய்க் காந்த ஊசி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருப்போர்க்கு இக்குறை ஒரு குறையன்று. எனவே நூறு டாலரை மிச்சப்படுத்துக என்பது நம் கருத்து.

2023இல் வந்த 'ஈட்ரெக்ஸ் எஸ்.இ.' 150 டாலருக்கு அறிமுகமாயிற்று. அதன் திரை கறுப்பு வெள்ளை, நிலப்படம் இல்லை. இது கேட்டவுடன் பலர் முகம் சுளிப்பர். ஆனால் பல நாட்டுக் கோள்களையும் கேட்கின்றது. மின்னணுத் திசைகாட்டி இருக்கின்றது. இரண்டு சிறு மின்கலங்களில் 168 மணி நேரம் இயங்கும் என்று நிறுவனத்தார் கூறுகின்றனர். 22 எக்ஸ் கருவிக்கு அவர்களே கூறும் அளவு 25 மணி நேரம். கல்வெட்டு இருக்குமிடத்தின் எண்களைக் குறிப்பதும், புறப்பட்ட இடத்துக்குத் திரும்புவதுமே நமக்கு வேண்டியனவாயின், படமற்ற கறுப்பு வெள்ளைக் கருவியே நிறைவாகும். படம் வேண்டுமிடத்துக் கைப்பேசியை ஒரு நிமிடம் திறந்து பார்க்கலாம். துறைக்கு ஒன்றே வாங்குவதாயின் இவ்வகையையே நாம் தேர்வோம். டாலர் விலைகள் அறிமுகக் காலத்தன. இறக்குமதி வரியும் வணிகர் ஊதியமும் சேர இங்கே கூடும் என்பதையும் நினைவிற் கொள்க.

அதே ஆண்டில் சூரிய ஒளியால் மின்னேற்றிக்கொள்ளும் 'சோலார்' வகையும் வந்தது. அழகிய பொருள்தான். ஆயினும் அதன் மின்கலம் உள்ளேயே பொதிந்தது, மாற்ற இயலாது. சோலைக்காட்டு நிழலில் நான்கு நாள் திரிவோர்க்குச் சூரியனை நம்பிய கருவியைவிட, அடிவாரப் பெட்டிக்கடையில் 'பென்சில் செல்' என்று கேட்டு வாங்கிப் போடத்தக்க, டபுள் ஏ அளவு மின்கலம் ஏற்கும் கருவியே உற்ற துணை. மீண்டும் மின்னேற்றும் செல்களைப் பயன்படுத்துவோர், கருவியின் அமைப்புப் பகுதியில் மின்கல வகையை மாற்றி வைத்தல் வேண்டும். இன்றேல் பாதி மின்சாரம் இருக்கும்பொழுதே தீர்ந்துவிட்டதென்று கருவி அறிவிக்கும்.

நீர் காப்புக்கு 'ஐ.பி.எக்ஸ்.7' என்னும் தரக்குறி இருத்தல் நன்று. ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் கெடாது என்பது அதன் பொருள். தொடுதிரையா பொத்தானா என்பது குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. ஈரக்கையால் இயக்குவோர்க்குப் பொத்தானே நன்று என்பதோடு இதனை நிறுத்துகின்றோம்.

பழைய கருவி வாங்குவோர்க்கு

செலவைக் குறைக்கப் பிறர் பயன்படுத்திய கருவியை வாங்குவதில் தவறில்லை. ஆனால் ஆண்டு பார்த்து வாங்குதல் வேண்டும். 2005க்கு முற்பட்ட வாங்கிகள் செவித்திறன் குன்றியவை; நான்கு மாமரம் சேர்ந்த தோப்புக்குள் நுழைந்தாலே கோள்களின் குரலை இழந்துவிடும். பின்னர் வந்த உணர்திறன் மிக்க வாங்கிகள் இலைச்செறிவுக்குள்ளும் ஓரளவு கேட்கின்றன. 2007இல் வந்த 'ஈட்ரெக்ஸ் எச்' என்பதிலுள்ள அந்த 'எச்' எழுத்து இவ்வுயர் உணர்திறனைக் குறிப்பதே. அவ்வெழுத்து இல்லாத பழைய மஞ்சள் நிற ஈட்ரெக்ஸ் கருவி எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் காட்டுக்கு உதவாது.

இன்னொரு நுட்பமும் அறியற்பாலது. ஜி.பி.எஸ். அமைப்பு கிழமைகளை எண்ணிக் காலத்தைக் கணக்கிடுகின்றது. பழைய முறையில் 1,024 கிழமைகள் ஆனவுடன் எண்ணிக்கை மீண்டும் சுழியத்துக்குத் திரும்பும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் இவ்வாறு நிகழ்ந்தது. புதிய மென்பொருள் ஏற்றப்படாத பழைய கருவிகள் 2019க்குப் பின்னர் இருபதாண்டு முந்திய நாளைக் காட்டத் தொடங்கின. இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், நாள்தான் பிசகும். ஆனால் களக்குறிப்பில் நாளும் ஒரு சான்றல்லவா? எனவே விற்பவரிடம் கருவியைத் திறந்த வெளியில் இயக்கச் செய்து, இன்றைய நாளைக் காட்டுகின்றதா என்று பார்த்தபின்னரே பணம் கொடுத்தல் நன்று. மின்கலப் பெட்டியில் பச்சைப்பூ பூத்திருக்கின்றதா, ஓரத்து இரப்பர் வெடித்திருக்கின்றதா என்பவற்றையும் பார்க்க. நெடுநாள் அணைந்திருந்த கருவி முதன்முறை இடம் அறியப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் எடுத்துக்கொள்ளக் கூடும், அது பழுதன்று. கோள்கள் தம் முழு அட்டவணையை ஒருமுறை ஓதி முடிக்கவே பன்னிரண்டரை நிமிடம் ஆகும்.

வாங்கலாகாதவை

'ஜி.பி.எஸ். டிராக்கர்' என்ற பெயரில் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய்க்கு விற்கப்படும் சிறு பெட்டிகள் வண்டிகளுக்குரியன. அவை சிம் அட்டை வழியே செல்பேசிக் கோபுரத்துக்குத் தம் இருப்பிடத்தை அனுப்புவன. கோபுரமில்லாத காட்டில் அவற்றால் பயனில்லை.

அடுத்து வருவது சட்டம் பற்றியது. பெற்றோரும் ஆசிரியரும் கருத்தூன்றிப் படித்தல் வேண்டும். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பவும் வல்ல கையடக்கக் கருவிகள் அயல்நாடுகளில் தாராளமாக விற்கப்படுகின்றன. கார்மினின் 'இன்ரீச்' வகை அத்தகையது. அது இரிடியம் கோள்கள் வழியே பேசுவது. நம் நாட்டில் தொலைத்தொடர்புத் துறையின் இசைவின்றி அதனை வைத்திருத்தல் குற்றம். இதனை அறியாது கொண்டுவந்த அயல்நாட்டுப் பயணிகள் நம் விமான நிலையங்களில் தடுத்து நிறுத்தப்பட்டுள்ளனர். வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினரிடம் 'ஒரு ஜி.பி.எஸ். வாங்கி வாருங்கள்' என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவர்களும் அன்பினால், இருப்பதிற் சிறந்ததை வாங்கி வருவர். சிறந்தது எனக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது இவ்வகையாகவே இருந்துவிடக்கூடும். கேட்க மட்டும் வல்ல கருவி போதும், அனுப்ப வல்லது வேண்டா என்று தெளிவாகச் சொல்லிவிடுதல் நலம்.

கருவி இருப்பது காட்டுக்குள் நுழைய இசைவு ஆகாது என்பதும் இதனோடு சேர்த்துக் கூறத்தக்கது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயிற் சிக்கி மலையேறச் சென்றோர் பலர் மாண்டபின், தமிழக அரசு அவ்வாண்டே மலையேற்றத்துக்கென விதிகள் வகுத்தது. 2024இல் வனத்துறையினர் நாற்பது தடங்களை வழிகாட்டிகளோடு திறந்துவிட்டனர். வனத்துறை இசைவும் ஊரறிந்த வழிகாட்டி ஒருவரும் இல்லாமல் மாணவரை எக்காட்டுக்கும் அனுப்புதல் தகாது.

மலையில் இக்கருவியை நம்பும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. 'அவ்விடத்துக்குச் செல்' என்று பணித்தால், கருவி பறவை பறக்கும் நேர்கோட்டையே காட்டும். நானூறு மீட்டர் என்று அது காட்டும். இடையே நூறு மீட்டர் ஆழப் பள்ளம் இருப்பது அதற்குத் தெரியாது. திரும்பும்பொழுது நேர்கோட்டை நாடாது, வந்த தடத்தையே பின்பற்றுமாறு கருவியைப் பணித்தல் வேண்டும். அதற்குப் புறப்படும் இடத்திலேயே தடப்பதிவைத் தொடங்கி, வண்டி நிற்கும் இடத்தை முதற்புள்ளியாகக் குறித்தல் வேண்டும்.

எண்களை எழுதும் முறை

நல்ல கருவி வாங்கியும் எண்களைப் பிழைபட எழுதினால் பயனில்லை. பிழை பெரும்பாலும் மூன்று வழிகளில் நேர்கின்றது.

ஒன்று, பாகையும் கலையும் மயங்குதல். 10.50 பாகை என்பதும், 10 பாகை 50 கலை என்பதும் ஒன்றல்ல. முன்னது பத்தரைப் பாகை. அதாவது 10 பாகை 30 கலை. இரண்டிற்கும் இடையே 20 கலை, தரையில் 37 கிலோமீட்டர். திண்டுக்கல்லில் இருக்கவேண்டிய கல் வேறொரு வட்டத்துக்குப் போய்விடும். துறையில் எல்லோரும் ஒரே முறையைக் கையாளுதல் வேண்டும். பதின்மப் பாகையில், புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் எழுதுவது நாம் கொள்ளும் முறை. ஐந்தாம் இலக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டரைக் குறிக்கும். அதற்குமேல் எட்டு இலக்கம் எழுதுவோர் மில்லிமீட்டர் அளவுக்குத் துல்லியம் இருப்பதாகப் பாவனை செய்கின்றனர்.

இரண்டு, முன்பின் மாறுதல். தமிழகம் வடக்கே 8 முதல் 13½ பாகைக்குள்ளும், கிழக்கே 76 முதல் 80½ பாகைக்குள்ளும் அடங்கும். இரண்டையும் மாற்றி எழுதினால், நம் கல் ஆர்க்டிக் கடலில் ஸ்வால்பார்டு தீவுகளுக்கருகே போய் நிற்கும். இப்பிழை நகைப்புக்குரியதாயினும் கண்டுபிடிக்க எளியது, முதற்பிழை அவ்வாறன்று.

மூன்றாவது பிழை நுண்ணியது, வரலாறு உடையது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கியதே இந்தியப் பெருமுக்கோண அளவை. அதன் வழிவந்த பழைய நில அளவைத் தாள்கள், எவரெஸ்ட் 1830ஆம் ஆண்டு வகுத்த பூமி உருவத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஜி.பி.எஸ். கருவியோ 'டபிள்யூ.ஜி.எஸ். 84' என்னும் வேறோர் உருவத்தைக் கொள்கின்றது. ஒரே இடத்துக்கு இரண்டும் தரும் எண்கள் நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் வேறுபடும். பழைய தாளிலிருந்து எடுத்த எண்ணைக் கருவியில் இட்டுத் தேடினால், கல்லுக்கு ஒரு தெரு தள்ளித் தோண்டிக்கொண்டிருப்போம். 2005ஆம் ஆண்டின் நிலப்படக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கென வெளியான தாள்கள் புதிய உருவத்தையே தழுவியவை. ஆதலின் குறிப்பேட்டில் எண்களோடு அவை எவ்வுருவத்தைச் சார்ந்தன என்பதையும் எழுதி வைத்தல் வேண்டும்.

உயரம் குறித்து ஒரு சொல். இந்தியப் பெருங்கடலில் இலங்கைக்குத் தெற்கே பூமியின் ஈர்ப்புமட்டம், கணக்கிட்ட உருவத்தினின்று 106 மீட்டர் தாழ்ந்திருக்கின்றது. உலகிலேயே மிகத் தாழ்ந்த இடம் அது. நம் தென்கோடியும் அதனை அடுத்திருப்பதால், திருத்தம் செய்யாத கருவியொன்று குமரிக் கடற்கரையில் நிற்பவரைக் கடல்மட்டத்துக்குப் பல பத்து மீட்டர் கீழே நிற்பதாகக் காட்டும். கையடக்கக் கருவிகள் தமக்குள் ஓர் அட்டவணை வைத்து இதனைத் திருத்திக்கொள்கின்றன. எனினும் உயரத்தில் பிழை மிகுதியாகவே இருக்கும். கல்வெட்டுக் குறிப்புக்கு உயரம் தேவையும் இல்லை.

எண்களைக் குறிக்குமுன் கருவியைக் கல்லின்மேல் வைத்து, தலைக்குமேல் வானம் தெரியுமாறு ஐந்து நிமிடம் விட்டுவைத்தல் நன்று. பல அளவுகளின் சராசரியைத் தானே கணக்கிடும் வசதி சில கருவிகளில் உண்டு. சமணர் படுக்கை போன்ற குகைத்தளத்தில் உள்ளே நின்று அளத்தல் வீண். பாறையில் பட்டுத் திரும்பிய அறிவிப்புகளைக் கேட்டுக் கருவி மயங்கும். வாயிலுக்கு வெளியே திறந்த இடத்தில் அளந்து, 'இவ்விடத்திற்கு மேற்கே பன்னிரண்டு தப்படி' என்று எழுதுதலே முறை. அவ்வகையில் பழைய குறிப்பேட்டு வழக்கம் முற்றும் கழிந்துவிடவில்லை. எண்களின் அருகே புளியமரத்தையும் எழுதுக. மரம் இருக்கும்வரை அது இருக்கட்டும்.

இறுதியாக, இவ்வெண்களை யாருக்குக் கொடுப்பது என்ற வினா. ஆர்வமிக்க மாணவர், கண்ட கல்லின் இருப்பிடத்தை அன்றிரவே உலகுக்கெல்லாம் அறிவித்துவிட விழைகின்றனர். பாதுகாப்பற்ற பெருங்கற்காலக் கல்லறைகளைப் புதையல் இருக்குமென்று எண்ணித் தோண்டுவோர் இன்றும் உளர். அவர்களிடமும் கைப்பேசி இருக்கின்றது. ஆகவே அச்சில் வெளிவரும் கட்டுரையில் ஊர்ப்பெயரளவில் நிறுத்துக. முழு எண்கள் கொண்ட குறிப்பேட்டின் ஒரு படி துறையின் பூட்டிய பேழையில் இருத்தல் வேண்டும்; மற்றொரு படி மாநிலத் தொல்லியல் துறையின் அலுவலரிடம் ஒப்படைக்கப்படுதல் வேண்டும். குறிப்பேட்டில் மையாலேயே எழுதுக. கருவியின் நினைவகத்தை மட்டும் நம்பிய குறிப்பு, அடுத்து அதனை எடுத்துச் செல்லும் மாணவனின் ஒரு பொத்தானழுத்தில் அழிந்துபோகும்.